கட்டபொம்மன் பெயரில் ஒரு கடற்படை வானொலி நிலையம்

புதூர், கோவில்பட்டி கரிசல் வட்டாரத்துக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் இந்தியக் கடற்படை தொடங்கிய வானொலி நிலையம், 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரின் பெயரைத் தாங்கி ஐ.என்.எஸ். கட்டபொம்மன் எனப்படுகிறது; ‘இந்தியக் கடற்படைக் கப்பல்’ என்று பொருள்படும் ஐ.என்.எஸ். முன்னொட்டால் பெயரளவில் கப்பலென்றாலும் அது கடலில் இறங்காத கப்பல்.

நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதே இதன் வேலை. சாதாரண வானொலி அலைகளை உப்புநீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுவதால், மிகத் தாழ் அதிர்வெண் எனப்படும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான, கிலோமீட்டர்க் கணக்கில் நீளும் அலைகளை இங்குள்ள உயர்ந்த கோபுரங்கள் பரப்ப, நீர்மூழ்கிக் கப்பல் முழுதாக மேலெழாமலே, பின்னால் இழுத்துச்செல்லும் நீண்ட கம்பி ஏரியலால் அவற்றை வாங்கிக்கொள்கிறது. பேச்சைச் சுமக்கும் அகலம் இவ்வலைவரிசைக்கு இல்லாததால் சுருக்கமான சங்கேதச் செய்திகளே மெல்லச் செல்லும். அதே அலையில் மறுமொழி அனுப்ப, நீர்மூழ்கியில் அத்தனை பெரிய கோபுரத்துக்கு இடமேது? 2014இல் இந்நிலையத்தின் ஒலிபரப்பு வசதி புதுப்பிக்கப்பட்டது.