நாடாவில் நின்ற கச்சேரி

அச்சேறிய கவிதைக்கு ஆயுள் உண்டு. அரங்கில் சொல்லப்பட்ட கவிதைக்கோ அந்த மாலைப்பொழுதோடு ஆயுள் முடிந்துவிடுகிறது. பத்தாண்டு நிறைவில் மலர் தொகுக்கும் எந்த இலக்கிய வட்டமும் இதை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். கவியரங்கத் தலைவரின் இடைமொழி, அவையோர் மீண்டும் கேட்டு வாங்கிய அடி, கைத்தாளில் இல்லாததைக் கவிஞர் அந்நேரத்தில் சேர்த்துச் சொன்ன சொல் ஆகிய எவையும் மலரின் பக்கங்களுக்குள் வந்து சேர்வதில்லை. இசையுலகிலும் இதே சிக்கல் இருந்தது. அதற்கு விடை தேடியவர்களுள் பெரிய நிறுவனத்தார் சிலரே. கருவியைத் தூக்கிக்கொண்டு சென்ற தனி மனிதர்களும், கைம்முதல் அதிகமில்லாத சிறு வெளியீட்டாளர்களுமே பலர். அமெரிக்க ஜாஸ் விடுதிகளிலும் சென்னைச் சபாக்களிலும் அவர்கள் ஆற்றிய பணியை ஒருசேர வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரண்டையும் ஒப்பிடுவதற்குத் தக்க காரணம் உண்டு. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசை. எல்லாரும் அறிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, குழுவினர் ஒருவர் பின் ஒருவராக அதைத் தம் கற்பனைக்கேற்ப விரித்து வாசிப்பார்கள். நம் கச்சேரியில் ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் என்று நாம் மனோதர்மத்திற்கு விட்டுவைத்திருக்கும் இடம் அங்கே இசையின் நடுக்கூடமாகவே இருக்கிறது. இரண்டிலும் நேற்றைய வாசிப்பு இன்று திரும்பி வராது. ஆகவே, அந்த ஓர் இரவைப் பிடித்து வைக்கவேண்டும் என்ற ஏக்கம் இரு நாட்டு இரசிகர்களிடமும் தோன்றியதில் வியப்பில்லை.

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். 1930களில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்றவை அந்த மூன்று நிமிடத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அந்தச் சிறையிலும் நம் வித்துவான்கள் அழகாகவே குடியிருந்தார்கள். குறள் வெண்பாவின் ஒன்றேமுக்கால் அடியில் ஓர் உலகை அடக்கத் தெரிந்த மொழிக்காரர்களுக்குச் சுருக்கம் புதிதன்று. எனினும் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் வகுத்து நிலைநிறுத்திய கச்சேரி முறையில், வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிய மூன்று மணி நேரம் வேண்டும். இராகம் மெல்லத் திறந்துகொள்வதும், பாடகரும் வயலின்காரரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதும், அவையின் தலையசைப்பு மேடையை மாற்றுவதும் மூன்று நிமிடத் தட்டில் இடம்பெறவே இயலா.

ஜாஸ் இசைஞர்களுக்கும் இதே மூன்று நிமிடத் தடைதான் இருந்தது. அதை மீறியவர்களுள் ஒருவர் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர். அவர் 1941இல் தட்டு வெட்டும் கருவியுடன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த மின்டன்ஸ் விடுதிக்குச் சென்று, சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞரின் கிதார் வாசிப்பைப் பதிவு செய்தார். மறு ஆண்டே, தம் 25ஆம் வயதில், கிறிஸ்டியன் காலமானார். ஜாஸின் புதுநெறி எவ்வாறு முளைவிட்டது என்பதற்கு அம்மாணவர் வெட்டிய தட்டுகள் இன்று முதன்மைச் சான்றுகளாக நிற்கின்றன.

1961 ஜூன் 25 அன்று, வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை விடுதியில் பில் எவன்ஸ் மூவர் குழுவின் வாசிப்பை ரிவர்சைடு என்ற சிறு நிறுவனம் பதிவு செய்தது. கண்ணாடிக் கோப்பைகள் உரசும் ஒலியும் வந்திருந்தோரின் பேச்சும் பியானோவோடு சேர்ந்தே அதில் கேட்கின்றன. பதினொரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் நாள், அக்குழுவின் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ சாலை விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. அன்று கருவி இயங்காதிருந்தால் அந்த மூவரின் உரையாடல் அவ்விடுதியோடு போயிருக்கும். அதே நிலவறையில் அதே ஆண்டு நவம்பரில் ஜான் கோல்ட்ரேன் 'இந்தியா' என்று பெயரிட்ட தம் படைப்பை வாசித்ததும் பதிவாகியுள்ளது. நம் இசை அங்கே எட்டத் தொடங்கியிருந்தது. ஜாஸ் வெளியீட்டுக்கென 1952இல் கலிபோர்னியாவில் தோன்றி, பின்னர் வேர்ல்டு பசிபிக் என்று பெயர் மாறிய மற்றொரு சிறு நிறுவனம் வீணை எஸ். பாலசந்தரின் இசைத்தட்டையும் வெளியிட்டது.

இச்சிறு நிறுவனங்களின் கதை நமக்கு அந்நியமானதன்று. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது எந்தத் துணிவு தேவைப்பட்டதோ, அதே துணிவோடுதான் சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் 1952இல் 'டெபியூ' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இசைப்பவரே வெளியீட்டாளராவது, எழுதுபவரே இதழ் நடத்துவதைப் போன்றது. முடிவுகளும் ஒத்தே இருந்தன. ரிவர்சைடு 1964இல் நொடித்துப்போனது. அதன் பதிவுகள் கைமாறிப் பிழைத்தன. சிற்றிதழ்கள் நின்றபின் அவற்றின் பழைய பிரதிகள் யாரோ ஒரு வாசகரின் பரணில் பிழைத்திருப்பதை நாம் அறிவோம்.

சென்னையில் இப்பணியைத் தொடங்கியவர்கள் இரசிகர்களே. 1938இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் கச்சேரிகளை வீடுகளுக்கு அனுப்பியது. ஆயினும் காற்றில் வந்தது காற்றோடு போயிற்று. காந்த நாடாவில் பதியும் 'ஸ்பூல்' கருவி வசதி படைத்த வீடுகளுக்கு வந்தபின்தான் நிலைமை மாறியது. ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா இருக்கும். விநாடிக்கு மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ 64 நிமிடம் கிடைக்கும். மூன்று பக்கங்களில் ஒரு முழுக் கச்சேரி அடங்கிற்று. 1968இல் மறைந்த மதுரை மணி ஐயரின் இசையை இன்று நாம் கேட்டு மகிழ்வது பெரிதும் கச்சேரிப் பதிவுகளின் புண்ணியத்தாலேயே. ஸ்வரம் பாடும்போது அவையில் எழும் மெல்லிய ஆரவாரத்தை எந்த ஒலிப்பதிவுக் கூடமும் தந்திருக்க முடியாது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட், பின்னாளில் இந்தச் செல்வத்தைப் பொதுவாக்கியது. ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து மற்றொரு கேசட்டுக்கும் படியெடுத்து இரசிகர்கள் பரிமாறிக்கொண்டார்கள். 90 நிமிடக் கேசட் 45ஆவது நிமிடத்தில் நின்றுவிடும். இராகத்தின் உச்சியில் ஒரு 'டக்' ஒலியும் பின் ஒரு மௌனமும் கேட்கும். அந்த மௌனமும் சேகரிப்பாளரின் செவியில் கச்சேரியின் ஒரு பகுதியாகிவிட்டது. 1990களின் இறுதியில் தோன்றிய சார்சுர், கர்நாடிகா போன்ற சென்னை நிறுவனங்கள் கச்சேரிப் பதிவுகளைக் குறுந்தட்டுகளாக முறைப்படி வெளியிட்டன. மார்கழிக் கச்சேரிகளைச் சபா மேடையிலிருந்தே பதிவு செய்து 'டிசம்பர் சீசன்' என்ற வரிசையில் சார்சுர் கொண்டுவந்தது, ஜாஸ் உலகின் விடுதிப் பதிவுகளுக்கு நம்மிடையே அமைந்த நேர் இணை எனலாம்.

சேகரிப்பு என்பது குவிப்பதன்று. அது ஒரு பாடபேத ஆராய்ச்சி. ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரை இங்கு நினைத்துக்கொள்வது பொருந்தும். உறையின்மேல் தேதி இராது. சபாவின் பெயர் இராது. மிருதங்கம் யார் என்பதைத் தொப்பியின் நாதத்தைக் கொண்டு ஊகிக்கவேண்டும். படிக்குப் படி வேகம் மாறிச் சுருதி ஏறியோ இறங்கியோ இருக்கும். பாடகர் வழக்கமாகப் பாடும் கட்டையை அறிந்தவர் அதை வைத்துத் திருத்துவார். இன்னொரு வழியும் உண்டு. நம் மின்சாரத்தின் அதிர்வு விநாடிக்கு 50 சுழற்சி; அது பழைய நாடாக்களில் மெல்லிய முனகலாகப் பதிந்திருக்கும். அம்முனகலை 50க்குக் கொண்டுவந்தால் பாட்டும் தன் சுருதிக்கு வந்துவிடும். கேட்பவர் இடையூறு என்று வெறுத்த ஒலியே பாடத்தை மீட்கும் சான்றாகிறது.

இனி, இந்தப் பணியின் மறுபக்கத்தையும் பேசவேண்டும். டீன் பெனெடெட்டி என்ற சாக்ஸபோன் கலைஞர் 1947, 1948ஆம் ஆண்டுகளில் சார்லி பார்க்கர் வாசித்த விடுதிகளுக்குச் சென்று பதிவு செய்தார். பார்க்கர் வாசிக்கும்போது கருவியை ஓடவிடுவார். அவர் நிறுத்தி மற்றவர் தொடங்கியதும் பெரும்பாலும் கருவியையும் நிறுத்திவிடுவார். மொசைக் என்ற சிறு நிறுவனம் 1990இல் அவற்றை ஏழு குறுந்தட்டுகளாக வெளியிட்டபோது, உலகம் பார்க்கரின் மேதைமையைத் துண்டு துண்டாகக் கேட்டது. அவரோடு மேடையில் இருந்தவர்கள் பெரிதும் மௌனமாகிவிட்டனர். நம்மிடமும் இது நிகழாமலில்லை. தனியார் நாடாக்கள் பலவற்றில் தனி ஆவர்த்தனம் இல்லாமலோ குறுகியோ இருப்பதைச் சேகரிப்பாளர் அறிவர். நாடா விலைமிக்கது, சிக்கனத்தின் கத்தி முதலில் மிருதங்கத்தின்மேல்தான் விழுந்தது.

நாகஸ்வரத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டாகக் கிடைத்தது நம் பேறு. ஆனால் அக்கலை முழு உருவம் கொண்டது சுவாமி புறப்பாட்டில், வீதியில், இரவு நெடுக. அவர் மறைந்த 1956இல் ஸ்பூல் கருவி சில செல்வர் வீடுகளையே எட்டியிருந்தது. கருவி யாரிடம் இருந்ததோ அவர் சென்ற இடமே வரலாறாயிற்று. கருவி சபாவுக்குச் சென்றது. தேரடிக்கும் கூத்துக்களத்திற்கும் பறை முழங்கிய தெருவுக்கும் மிக அரிதாகவே சென்றது.

'நேரடிப் பதிவு' என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றல் ஆகாது. 1953 மே 15 அன்று டொராண்டோ நகரின் மாஸி அரங்கில் பார்க்கர், மிங்கஸ், ரோச் உள்ளிட்ட ஐவர் வாசித்ததை டெபியூ நிறுவனம் வெளியிட்டது. தம் பாஸ் ஒலி சரியாகப் பதியவில்லை என்று கண்ட மிங்கஸ், பின்னர் கூடத்தில் வாசித்து அதன்மேல் சேர்த்தார். வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தமையால் பார்க்கரின் பெயர் உறையில் 'சார்லி சான்' என்று மறைத்து அச்சிடப்பட்டது.

உரிமைச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இரவு யாருக்குச் சொந்தம்? நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்பது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் இடம்பெற்றது. முதலில் 25 ஆண்டு என்றிருந்த அதன் காலம் 1999இல் 50 ஆண்டாக நீட்டப்பட்டது. அதற்கு முன் பதிவான நாடாக்கள் கலைஞரின் பெருந்தன்மையையும் இரசிகரின் நாணயத்தையும் நம்பியே வாழ்ந்தன. ஒலிபெருக்கியே வேண்டாம் என்று நின்ற பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதைகளும் நம்மிடையே இருந்தார்கள். இந்த அவைக்காக மட்டுமே பாடினேன் என்று சொல்லக் கலைஞருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை மதியாத சேகரிப்பு, களவின் உடன்பிறப்பாகிவிடும்.

காலமும் காத்திருப்பதில்லை. சென்னையின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை படர்கிறது. சுருளின் ஒரு சுற்று அடுத்த சுற்றில் பதிந்து, பாடகர் வாய் திறக்குமுன்பே அவர் பாட்டின் நிழல் கேட்கிறது. நாடா நன்றாயிருந்தாலும் ஓட்டும் கருவி கிடைப்பதில்லை. சேகரித்தவர் மறைந்தபின் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைக்கு அது பழைய பொருள். 1980இல் சென்னையில் தொடங்கிய 'சம்பிரதாயா' ஆவணகமும், மியூசிக் அகாடமியில் அமைந்த ஒலிக் காப்பகமும், 1982இல் அமெரிக்க இந்தியவியல் கழகத்தார் நிறுவிய இசை ஆவணகமும் இவ்வகையில் நன்றிக்குரியவை. ஆனால் ஆவணகம் கேட்டு வாங்கும் முன்பே பழைய பொருள் வாங்குபவர் வாசலுக்கு வந்துவிடுகிறார்.

மண்ணூர்பேட்டை மயிலாப்பூர் அன்று. பாடிக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் அருகே, பணிநேரச் சங்கொலிக்கிடையே வளர்ந்த ஊர் இது. இசை இங்கே சபா நுழைவுச்சீட்டில் வந்ததைவிட, தேநீர்க்கடை வானொலியிலும் கோயில் திருவிழாவின் மைக் செட்டிலும் வந்ததே மிகுதி. இங்கு நிகழ்ந்த கவியரங்கையும் பட்டிமன்றத்தையும் பதிவு செய்யப் பெரிய நிறுவனம் எதுவும் வரப்போவதில்லை. ஆனால் அன்று மின்டன்ஸ் விடுதிக்குச் சுமந்து செல்லவேண்டியிருந்த கருவியைவிட மேலானது இன்று ஒவ்வோர் உறுப்பினரின் சட்டைப்பையிலும் கைப்பேசியாக இருக்கிறது.

எனவே அடுத்த பத்தாண்டுக்கு வட்டத்து நண்பர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. கவிஞரின் இசைவைக் கேட்டுப் பெற்றுப் பதிவு செய்யுங்கள். நாள், இடம், தலைமை, பங்கேற்றோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். ஒரு படி ஒருவரிடம் மட்டும் இருத்தல் வேண்டாம், மூவரிடம் இருக்கட்டும். புகழ்பெற்றவர் அமர்ந்து, இதுவரை யாரும் கேட்டிராத இளைஞர் ஒருவர் கைநடுங்கத் தாளைப் பிரித்து எழும்போது, கருவியை நிறுத்திவிடாதீர்கள்.