கதையின் வாளும் களத்தின் வாளும்

கதைகளில் போரை முடித்து வைப்பது நாயகனின் வாளே. வரலாறு கூறுவதோ வேறு. தில்லிக்கு வடக்கேயுள்ள பானிபட்டில், 1526 ஏப்ரல் 21 அன்று, பாபர் தோற்கயிற்றால் பிணைத்த வண்டிகளை அரணாக நிறுத்தினார். அவ்வரணின் பின்னிருந்து பீரங்கிகளும் துப்பாக்கிகளும் முழங்கின. குதிரை வில்லாளிகள் இருபுறமும் சுற்றி வளைத்து அம்பு பொழிந்தனர். நண்பகலுக்குள் இப்ராஹிம் லோடியின் பெரும்படை சிதைந்தது. அவரும் களத்தில் வீழ்ந்தார். வாள் கைகலப்பிற்கு உதவியதேயன்றி வெற்றியை முடிவுசெய்யவில்லை.

பின், அது புகழ் பெற்றது எவ்வாறு? வில் வேட்டைக்கும் உதவும். கோடரி விறகும் பிளக்கும். வாளுக்கோ மனிதரோடு பொருவதன்றி வேறு தொழிலில்லை. அமைதிக் காலத்திலும் அரசரின் இடையில் விளங்கியமையால் அது அதிகாரத்தின் சின்னமாயிற்று. நேயர்களே, அச்சின்னத்தை வியக்குங்கால், வண்டிகளைப் பிணைத்த பெயரறியாக் கைகளையும் நினைவுகூர்தல் நம் கடன்.