மரத்துப் போன தாடை

பல் வைத்தியர் ஊசி போட்ட ஐந்து நிமிஷத்தில், நம் உதடு நம்முடையதுதானா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சுகமான சந்தேகத்துக்கு ஒரு மனிதர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

கோகெயினைக் கரைத்துச் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகும் என்று 1884-ல் கண்டுபிடித்தவர் வியன்னாவின் இளம் டாக்டர் கார்ல் கோலர். ஹைடல்பர்க் மகாநாட்டுக்குப் போக அவரிடம் பணமில்லை. வேறொருவர்தான் அவர் கட்டுரையை அங்கே வாசித்தார். சேதி அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க்குக்குப் போயிற்று.

அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற ரண சிகிச்சை நிபுணருக்கு ஒரு யோசனை. வலிக்கிற இடத்தில் எதற்கு மருந்து? வலியைச் சுமந்துபோகும் நரம்பையே வழியில் மறித்துவிட்டால் என்ன? கீழ்த்தாடை எலும்புக்குள் நரம்பு நுழையும் வாசலருகே ஊசியைச் செலுத்தினார். அந்தப் பக்கத்துப் பற்கள் அத்தனையும் மரத்துப்போயின!

சோதனைக்கு ஆள்? அவரும் ரிச்சர்ட் ஹால் முதலிய நண்பர்களுந்தான். கோகெயின் ஆளையே பிடித்துக்கொள்ளும் என்று அவர்கள் அறியவில்லை. நன்றாக எழுதிவந்த ஹால்ஸ்டெட்டின் கட்டுரையே தலைகால் புரியாமல் குழம்பிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்தார். கோகெயினின் இடத்தில் மார்பின் வந்து உட்கார்ந்தது. அது பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த நிலையிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு தலைமுறை டாக்டர்களை அவர் உருவாக்கினார் என்பதுதான் ஆச்சரியம். நண்பர் ஆஸ்லர் எழுதி மூடிவைத்த இரகசியக் குறிப்பு 1969-ல்தான் வெளியாயிற்று.

பின்னால் நோவோகெயின் வந்தது. ஸ்வீடனிலிருந்து லிடோகெயின் வந்தது. மருந்து மாறிற்றே தவிர, ஊசி தேடிப்போகும் வாசல் அதேதான். அமெரிக்கப் பல் வைத்தியர்கள் 1922-ல் ஹால்ஸ்டெட்டைக் கௌரவித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார்.