நாட்டுத் துப்பாக்கி: ஒரு குழல் உருவாவது எப்படி, பரணில் கிடப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

"தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒண்ணு பரண்ல கிடக்கு. வாய் வழியா மருந்து கெட்டிக்கிற வகை. இதெல்லாம் சும்மா பழைய இரும்புதானே?"

சித்தூர், திருத்தணி, ஜவ்வாது மலை பக்கம் சொந்த ஊர் உள்ள நண்பர்கள் இருந்தால் இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருக்கலாம். சுருக்கமான பதில்: சுடக்கூடிய நிலையில் இருந்தால் அது பழைய இரும்பு இல்லை, துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை உண்டு. அதேசமயம், இந்தியச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லிச் சலுகை கொடுத்திருக்கும் சில துப்பாக்கிகளில் இதுவும் ஒன்று. இந்த முரண்பாடு புரியணும்னா, இது எப்படிச் செய்யப்படுகிறது, யார் கையில் இருந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கார்வேட்டிநகரத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

புத்தூர் பக்கம் இருக்கும் கார்வேட்டிநகரத்தை இன்று பெரும்பாலும் வேணுகோபால சுவாமி கோயிலுக்காகவும், சாரங்கபாணியின் பதங்களுக்காகவும் சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அது ஒரு பாளையத்தின் தலைநகரம். ஆங்கிலேயர் ஆவணங்களில் 'பொம்மராஜு' பாளையம் என்று வருவது இதுதான். திருத்தணியும் ஒரு காலத்தில் இந்த ஜமீனுக்குள் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்தப் பகுதி வட ஆர்க்காடு மாவட்டம்.

பாளையம் என்றாலே படை. நிலத்தை ஆளும் உரிமைக்கு ஈடாக, மேலே இருக்கும் அரசுக்கு ஆயுதம் ஏந்திய ஆட்களை அனுப்ப வேண்டும். அந்த ஆட்களின் கையில் ஈட்டி, வாள், கூடவே திரித் துப்பாக்கி. எரியும் கயிற்றை விசை கீழே இறக்க, மருந்தில் பட்டு வெடிக்கும் வகை. 'துப்பாக்கி' என்ற சொல்லே துருக்கிய, பாரசீக வழியில் வந்தது. தெலுங்கில் 'துபாகி'. 'துபாகுல' என்று வீட்டுப் பெயர் உள்ள குடும்பங்களை ஆந்திராவில் இன்றும் பார்க்கலாம்.

1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தெற்கே பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்த அறிக்கை அது. 1802-ல் வெங்கடகிரி, காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் போன்ற மேற்குப் பாளையங்களுக்கு நிரந்தர ஜமீன் சனது கிடைத்தது. படை அனுப்பும் கடமை போய், அதற்குப் பதிலாகப் பணம். இதை ஏற்காத சித்தூர் பாளையக்காரர்கள் 1804-05-ல் எதிர்த்தார்கள், கம்பெனி படை வந்து அடக்கியது. ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஊர்க் கொல்லர்களிடம் கைத்தொழில் மிச்சமிருந்தது.

சக்கிமுக்கித் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது?

திரித் துப்பாக்கிக்கு அடுத்து வந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. எரியும் கயிறு தேவையில்லை, மழையிலும் கொஞ்சம் சமாளிக்கும், இருட்டில் ஆள் இருக்கும் இடம் தெரியாது. விசையை இழுத்தால், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய இரும்புக் கொக்கி (நம்ம ஊரில் 'குதிரை' என்பார்கள்) வேகமாக வந்து ஓர் எஃகுத் தகட்டை உரசும். தகடு பின்னால் சாயும்போது அதன் அடியில் இருக்கும் சிறு கிண்ணம் திறக்கும். கிண்ணத்து மருந்தில் பொறி விழும். குழலின் பக்கவாட்டில் உள்ள ஊசித்துளை வழியாக நெருப்பு உள்ளே போகும். பிறகுதான் வெடி.

இதில் பலரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் எஃகைச் சீவுகிறது. சீவப்பட்ட துகள்தான் உரசல் சூட்டில் எரிந்து பொறியாகிறது. அதனால் அந்தத் தகடு ரொம்பக் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்ற இரும்பில் பொறி வராது. பழைய கொல்லர்கள் தகட்டைக் கரித்தூளோடு மூடிய பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் சுடுவார்கள். கரி இரும்பின் மேல்தோலுக்குள் இறங்கும். எடுத்துத் தண்ணீரில் போட்டால் மேல்தோல் எஃகாக மாறியிருக்கும்.

கிண்ணத்தில் மருந்து எரிந்து, குழலுக்குள் நெருப்பு போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. போர்க்களத்தில் இது சாதாரணம். பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுட்டால் பெரிய விஷயம்.

குழல் செய்வது ஏன் கஷ்டம்?

ஒரு நீளமான கம்பியைத் துளைத்தால் குழல் கிடைத்துவிடும் என்று நாம் நினைப்போம். மூன்று அடி நீளத்துக்கு நேராகத் துளை போடும் இயந்திரம் அப்போது கிடையாது. அதனால் தட்டையான இரும்புப் பட்டையை வெள்ளைச் சூட்டில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடக்கி, விளிம்போடு விளிம்பைச் சம்மட்டியால் அடித்து ஒட்டுவார்கள். ஒரே மூச்சில் முழு நீளமும் முடியாது. ஓர் அங்குலம், இரண்டு அங்குலமாகக் காய்ச்சி அடிக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் இரும்பே எரியும்.

நேராக ஒட்டலாம், அல்லது பட்டையைச் சுருளாகச் சுற்றி ஒட்டலாம். இந்தியப் பட்டறைகளின் நல்ல குழல்கள் பலவும் சுருள் வகை. ஏன்? மெக்கானிகல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: உருளைக்குள் அழுத்தம் கூடினால், சுற்றுவட்டத்தில் வரும் இழுவிசை நீளவாக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு. நீளவாக்கில் ஒட்டிய தையல் அந்த முழு விசையையும் வாங்கும். சுருளில் அது பிரிந்துவிடும். சூத்திரம் தெரியாமலே உலைக்களத்தில் கண்டுபிடித்த விஷயம் இது. தையல் விட்டுக் கையோடு வெடித்த குழல்கள் எத்தனையோ, அதற்குக் கணக்கு இல்லை.

ஒட்டிய பிறகு உள்ளே கடைய வேண்டும். குழல் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, உள்ளே ஒரு நூலை இழுத்துக் கட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நூலுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி மாறினால் அங்கே ஒரு தட்டு.

உலகப் புகழ் பெற்ற 'லாங் ரைஃபிள்' இங்கேதான் வேறுபடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் வடிவமைத்தது அது. கடைந்த குழலுக்குள் சுருள் பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சீவுவார்கள். சிறு வெட்டுப்பல் பொருத்திய தடியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெட்டுப்பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் சேர்த்து உயரத்தைக் கூட்டுவார்கள். நூற்றுக்கணக்கான இழுப்புகள். பள்ளம் குண்டைச் சுழல விடும், சுழலும் குண்டு நேராகப் போகும். வழவழப்பான குழல் 100 கெஜம் தாண்டினால் நம்ப முடியாது. இது 200 கெஜத்திலும் குறி பிடிக்கும். அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் இப்படி ஒரு துப்பாக்கியை முழுக்கக் கையாலேயே செய்வதை 1969-ல் ஆவணப்படமாக எடுத்தார்கள். பொறுமை இருந்தால் பார்க்கலாம்.

நம் பக்கம் யார் செய்தார்கள்?

1760-களின் தொடக்கத்தில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை முங்கேருக்கு மாற்றி, அங்கே சக்கிமுக்கித் துப்பாக்கிப் பட்டறைகள் அமைத்தார். பீகாரின் முங்கேர் இன்றும் துப்பாக்கிக்குப் பேர் போனது, நல்ல விதமாகவும் கெட்ட விதமாகவும்.

தெற்கே திப்பு சுல்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் நகர் என்ற பெத்னூரிலும் செய்த துப்பாக்கிகளில் புலி வடிவம், புலி வரி, தேதி எல்லாம் இருக்கும். 2015 ஏப்ரலில் லண்டனில் போன்ஹாம்ஸ் நடத்திய ஏலத்தில் திப்பு தொடர்பான 30 பொருட்கள் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின. அதில் ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கி மட்டும் 7,22,500 பவுண்ட்.

எதிரில் நின்ற கம்பெனி சிப்பாய் வைத்திருந்தது 39 அங்குலக் குழல் கொண்ட 'இந்தியா பேட்டர்ன்'. கம்பெனிக்காகச் செலவைக் குறைத்து வடிவமைத்த மலிவு மாடல் அது. பிரெஞ்சுப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே துப்பாக்கி பற்றாமல் போனதால் 1797-ல் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

கிராமங்களில் மட்டும் சக்கிமுக்கி பெரிதாகப் பரவவில்லை. நல்ல கல் வேண்டும், நல்ல வில் வேண்டும். திரியைவிடப் பழுது பார்ப்பது கஷ்டம். 19-ஆம் நூற்றாண்டில் தட்டினால் வெடிக்கும் சின்ன செப்புத் தொப்பி, அதாவது 'கேப்பு' வந்ததும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி, சித்தூர் பக்கம் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்தக் கேப்பு வகையின் வாரிசுகள்தான்.

இன்றைய நிலை என்ன?

1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டம்தான் இன்றும் அடிப்படை. அதில் பிரிவு 13(3) சுவாரசியமானது: பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே தேவை என்றால், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு அதிகாரி உரிமம் தர வேண்டும் என்கிறது. மற்ற பல ஆயுதங்களுக்கு 'தகுந்த காரணம் இருக்கிறது' என்று அதிகாரியைத் திருப்திப்படுத்தியாக வேண்டும். பிரிவு 14 சொல்லும் மறுப்புக் காரணங்கள் இதற்கும் பொருந்தும், அது வேறு.

ஆனால் உரிமம் வாங்கினால் காட்டுப் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லை. கேரளா, 2022-ல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக உரிமம் உள்ளவர்களைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் எடுத்த முடிவு வேறு மாதிரி: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவார்கள். விவசாயி சுட முடியாது. நிலக்கடலைக் கொல்லையில் ஒரே ராத்திரியில் பாதி வயல் போனவரிடம் இதை விளக்குவது சுலபமில்லை.

இன்னொரு பக்கம் நரிக்குறவர்கள். வேட்டைதான் தொழில், இந்தத் துப்பாக்கிதான் கருவி. 1972 சட்டம் வேட்டையை மூடியது. ஊசி, பாசிமணிக்கு மாறினார்கள். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில், அதாவது 50 வருஷம் கழித்து. ஒப்பிட்டுப் பாருங்கள்: குடகில் கொடவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் கொடுத்த உரிம விலக்கு இன்றும் உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். இரண்டு சமூகங்களுமே துப்பாக்கியைப் பண்பாடு என்றுதான் சொல்கின்றன. ஒன்றின் குரல் மட்டும் டெல்லி வரை கேட்டிருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குச் சிக்கல். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பறிமுதல் ஆயுதங்களை உரிமம் உள்ளவை, இல்லாதவை என்று பிரிக்கிறது. இல்லாதவை என்ற ஒரே கட்டத்துக்குள் கள்ளத் தயாரிப்பு, நாட்டுத் தயாரிப்பு எல்லாம் அடங்கும். கூலிப்படைக்குப் போன முங்கேர் பிஸ்டலும், பன்றி விரட்ட வைத்திருந்த கேப்பு துப்பாக்கியும் அட்டவணையில் ஒரே எண். அந்த எண்ணை வைத்து 'மலைக் கிராமங்களில் ஆயுதக் கலாசாரம்' என்று தலைப்புப் போடுவது தப்பு.

சரி, பரணில் இருப்பதை என்ன செய்வது?

முதலில், யூடியூப் பார்த்து நாமே ஒன்று செய்யலாமே என்ற யோசனை வேண்டாம். அமெரிக்காவில் 1968 சட்டப்படி 1899-க்கு முந்தைய துப்பாக்கிகளும் அவற்றின் வாய்வழி நகல்களும் பொதுவாக 'பழம்பொருள்', கிட் வாங்கிக் கோக்கலாம். இங்கே வெடிவிசையால் குண்டு போனால் அது துப்பாக்கி, 1750 மாடலாக இருந்தாலும். உரிமமின்றிச் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு.

பிரிவு 45 ஒரு விலக்கு தருகிறது: வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் சட்டம் பொருந்தாது. கவனிக்க வேண்டிய வார்த்தை 'பழுது பார்த்தாலும்'. துரு பிடித்திருக்கு, வில் உடைஞ்சிருக்கு என்பது போதாது. அதை நீங்களே முடிவு செய்யவும் முடியாது.

தாத்தா பெயரில் உரிமம் இருந்திருந்தால், வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2019-க்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிகள்தான், பரம்பரைச் சொத்தும் இதில் அடக்கம். உரிமம் எதுவுமே இல்லை என்றால் பிரிவு 21 வழி காட்டுகிறது: தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைப்பது. போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசி, எழுத்து மூலமான கடிதத்தோடு, ரசீது கேட்டு வாங்குங்கள். மலைக் கிராமங்களில் 'குறிப்பிட்ட தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை' என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கும், அந்த நேரம் ரொம்பவே சுலபம்.

100 வருஷம் தாண்டிய பொருளாக இருந்தால் வெளிநாட்டுக்கு விற்கும் பேச்சே கிடையாது, 1972 தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. எடுத்துப் போகும்போது, உள்ளே மருந்து கெட்டித்து அப்படியே விட்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல வருஷம் கழித்தும் வெடிக்கும். வாய்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, குதிரையைத் தட்டிப் பார்க்கக் கூடாது. முடிந்தால் நீங்கள் தொடாமல் போலீஸையே வரச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.