கடல் குடிச்ச எஞ்சின்: தேத்துறதா, தூக்கிப் போடுறதா?

எங்க ஊர் மணமேல்குடி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போனீங்கன்னா கரையோரமா துருப்பிடிச்ச எஞ்சின் ஒண்ணு ரெண்டாவது கண்ணுல படும். பழைய இரும்புக்காரர் கண்ணுக்கு அது கிலோ கணக்கு. படகுக்காரருக்கு அது ஒரு காலத்துல வட்டிக்கு வாங்கின பணம். பொட்டி தட்டுற என்னைப் போன்ற ஆளுக்கு அது ஒரு நல்ல கேள்வி: தண்ணிக்குள்ள போன எஞ்சினை எப்போ காப்பாத்தலாம், எப்போ கைகழுவணும்?

இதுல என்ன சரித்திரம்னு கேக்காதீங்க. இருக்கு :-)

முதல்ல கொஞ்சம் மெக்கானிக்கல். மூழ்கின எஞ்சின் தண்ணிக்குள்ள கிடக்கும்போது கெடுறதைவிட வெளியே எடுத்த பிறகுதான் வேகமா கெடும். துருப்பிடிக்க தண்ணியும் வேணும், ஆக்சிஜனும் வேணும். கடலடியில ஆக்சிஜன் குறைவு. கரைக்கு வந்ததும் உப்பு ஈரத்தோட காத்தும் சேர்ந்துடும். அப்புறம் கணக்கு மணி நேரத்துல. அதனாலதான் அவுட்போர்டு மோட்டார் கையேடுகள்ல விசித்திரமா ஒரு வரி வரும்: உடனே பிரிச்சுப் பாக்க வழியில்லைன்னா, மறுபடி நல்ல தண்ணிக்குள்ளேயே முக்கி வை. கேக்கறவன் சிரிப்பான். ஆனா வேதியியல் அதைத்தான் சொல்லுது.

நேரம் இருந்தா செய்ய வேண்டியது இது. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா அது காத்து மாதிரி அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜெக்டரைக் கழட்டி, தண்ணியை வெளியேத்தி, நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, டீசலோ எண்ணெயோ விட்டுக் கையால மெதுவா சுத்தணும். பிறகு ஆயிலை ரெண்டு மூணு தரம் மாத்தி ஓட்டணும். டீசல் எஞ்சின்ல முதல்ல அடிவாங்குறது ஃப்யூவல் பம்பும் நாசிலும். அந்த பிளஞ்சருக்கும் அது ஓடுற குழலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு பொட்டுத் துரு போதும், இறுகிடும்.

நாள் கடந்துட்டாலும் எல்லாம் போச்சுன்னு இல்ல. லைனர் அரிச்சிருந்தா மாத்தலாம். சிலிண்டரை போரிங் போட்டு பெரிய சைஸ் பிஸ்டன் போடலாம். கிராங்கை லேத் பட்டறையில கிரைண்டிங் பண்ணலாம். ஆனா பிளாக்குல விரிசல் இருந்தாலோ, அலுமினிய பாகம் உப்புல பொடிப்பொடியா உதிர்ந்தாலோ, கும்பிடு போட்டுட வேண்டியதுதான். ஆக, ‘எஞ்சின் போச்சா?’ன்னு மொத்தமா கேக்குறதே தப்பு. எந்தப் பாகம் போச்சு, எது மிச்சம்னு கேக்கணும்.

இப்படிக் கேட்டு ஜெயிச்ச கதை ஒண்ணு நம்ம பாக் நீரிணையிலேயே இருக்கு. 1964 டிசம்பர் 22 இரவு அடிச்ச புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது, பாம்பன் பயணிகள் ரயில் ஆளோட போச்சு. 1914-ல திறந்த பாம்பன் பாலத்தின் சுமார் 145 கர்டர்கள்ல நூத்து இருபதுக்கும் மேல கடலுக்குள்ள விழுந்துடுச்சு. ஆனா கப்பல் போக மேலே தூக்கித் திறக்குற ஷெர்சர் பகுதி தாக்குப்பிடிச்சு நின்னுச்சு. சீரமைக்க ரயில்வே ஆறு மாசம் கெடு வெச்சது, மேலதிகாரி அதை மூணு மாசமாக் குறைச்சார். வேலையை ஏத்துக்கிட்ட இ. ஸ்ரீதரனுக்கு அப்போ வயசு 32. பின்னாடி டெல்லி மெட்ரோவைக் கட்டின அதே ஸ்ரீதரன்தான். புது கர்டருக்காகக் காத்திருக்காம, மீனவர்கள் கொடுத்த தகவலை வெச்சு கடலுக்குள்ள கிடந்த பழைய கர்டர்களையே தூக்கி, சரிபண்ணி, திரும்பப் பொருத்தினாங்க. 46 நாள்ல பாலம் தயார்.

அதே சமயம் பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதையை ரயில்வே திரும்பப் போடலை. ஊரையே வாழத் தகுதியில்லாததுன்னு அரசு அறிவிச்சுடுச்சு. ஒரே புயல், ஒரே பாதை. ஒரு பாதியைத் தேத்தினாங்க, மறு பாதியைக் கைவிட்டாங்க. (மீட்டெடுத்த அந்தப் பாலத்துலயும் 2022 டிசம்பர்ல ரயில் நின்னுடுச்சு. பக்கத்துலயே கட்டின புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல திறக்கப்பட்டது. அறுபது வருஷ ஆயுள் கூடக் கொடுத்த ரிப்பேர்னா சும்மாவா!)

உலக அளவுல பாத்தா பேர்ல் ஹார்பர். 1941 டிசம்பர் 7-ல ஜப்பான் குண்டு போட்டு மூழ்கடிச்ச கப்பல்கள்ல கலிஃபோர்னியாவும் வெஸ்ட் வர்ஜீனியாவும் டர்போ-எலக்ட்ரிக் வகை. பெரிய மோட்டார்கள் எல்லாம் உப்புத்தண்ணிக்குள்ள. 1942-ல ரெண்டையும் மிதக்க வெச்சு, மோட்டார்களைக் கழுவிக் காயவெச்சு, கம்பியை மறுபடி சுத்தினாங்க. 1944 அக்டோபர்ல சுரிகாவோ நீரிணைச் சண்டையில ரெண்டும் நின்னுச்சு. கவிழ்ந்து போன ஓக்லஹோமாவை அரும்பாடுபட்டு நிமிர்த்தினாங்க, ஆனா ரிப்பேர் பண்ணலை. அரிசோனாவை அப்படியே விட்டுட்டாங்க. இங்கயும் கப்பலுக்குக் கப்பல் தனித்தனியாத்தான் தீர்ப்பு.

இப்போ 2004 டிசம்பர் 26-க்கு வருவோம். இலங்கை குறுக்கே நின்ன புண்ணியத்துல எங்க கரையில உயிர்ச்சேதம் குறைவு. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல. படகும் எஞ்சினும் ஊருக்குள்ளயும் சேத்துக்குள்ளயும் கிடந்தது.

மேல சொன்ன மெக்கானிக்கலை இங்க பொருத்திப் பாருங்க. எஞ்சினைக் காப்பாத்தறதுக்கு உண்டான அந்த முதல் ரெண்டு நாள், மீனவர்கள் பிணம் தேடிக்கிட்டிருந்த ரெண்டு நாள். குடிக்கவே நல்ல தண்ணி லாரியில வரணும், அதுல எஞ்சினைக் கழுவுறது எப்படி? கடலை நிமிர்ந்து பாக்கவே பயந்தவங்க முகாம்ல இருந்தாங்க. கணக்கெடுக்க ஆள் வரும்போது உப்பு தன் வேலையை முடிச்சிருந்தது. தேத்துறதா மாத்துறதாங்கிற முடிவை அவங்க எடுக்கவே இல்லை. நாட்காட்டி எடுத்துடுச்சு.

அப்புறம் உதவி வந்தது, வெள்ளமா வந்தது. புதுப் படகு கொடுத்தா படம் எடுக்கலாம், சாவி கைமாத்தலாம். பழைய எஞ்சினுக்கு நாசில் மாத்திக் கொடுத்தா அதுல என்ன படம் எடுக்க? சில ஊர்கள்ல தொலைஞ்சதைவிட அதிகமா ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. துடுப்பும் பாயும் வெச்சு கட்டுமரத்துல போனவர் கைக்கு எஞ்சின் வந்துச்சு. நல்ல விஷயம்தானே? பாதி ஆமாம். மீதிப் பாதி, தினம் டீசல் செலவு. மீன் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அந்தச் செலவு நிக்காது. எஞ்சின் இலவசம், அதை ஓட்டுறது இலவசம் இல்ல.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல இதே பாடத்தைக் கார் வெச்சிருந்தவங்க படிச்சாங்க. தண்ணி வடிஞ்சதும் ஆசையா சாவி திருப்பினவங்க எஞ்சின் போச்சு. அந்தச் சேதத்துக்கு எஞ்சின் பாதுகாப்புன்னு தனியா பிரீமியம் கட்டாதவங்களுக்கு இன்ஷூரன்ஸும் கைவிரிச்சது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை கடந்த கஜா, எங்க பக்கத் தென்னையையும் படகையும் ஒண்ணா சாய்ச்சது. தென்னையை நிமிர்த்த முடியாது, புதுசா வெச்சு வருஷக்கணக்கா காத்திருக்கணும். எஞ்சினை நிமிர்த்தலாம், ஆனா காத்திருக்க முடியாது. ரெண்டுக்கும் ஒரே மாதிரி மனு, ஒரே வரிசை, ஒரே கணக்கெடுப்பு. இதுதான் எனக்கு உறுத்துது.

என்னளவுல தோணுறது இதுதான்: புயல் நிவாரண லாரியில அரிசி, தார்ப்பாயோட ஒரு மெக்கானிக், ஒரு டேங்கர் நல்ல தண்ணி, ரெண்டு பேரல் டீசலும் முதல் நாளே போகணும். சாகாத எஞ்சினை அன்னைக்கே பிழைக்க வெச்சா, புது எஞ்சின் காசு நெசமாவே செத்த எஞ்சின்காரருக்குப் போகும். பாம்பன்ல கர்டர் எங்க கிடக்குன்னு சொன்னது மீனவர்தான். எந்த எஞ்சினுக்கு இன்னும் உசிர் இருக்குன்னும் அவருக்குத்தான் தெரியும். நேரத்துக்குப் போய்க் கேக்கணும், அவ்வளவுதான்.

டிஸ்கி: பைக்கோ காரோ தண்ணிக்குள்ள போயிருந்தா, இதைப் படிச்சுட்டு நேரா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. சாவியைத் தொடாதீங்க சாமி!