4ஜி என்ற பெயர் யாருடையது?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் இரும்புலியூர் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "போனில் 4ஜி என்றுதான் காட்டுகிறது, வீடியோ ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?" விடை தேட 2008-க்குப் போக வேண்டும்.

'ஜி' என்றால் தலைமுறை. நான்காம் தலைமுறைக்கு ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அந்த ஆண்டு இலக்கணம் வகுத்தது. வேகமாக ஓடும் வண்டியில் நொடிக்கு 100 மெகாபிட், நின்ற இடத்தில் 1 கிகாபிட். அன்று சந்தைக்கு வந்துகொண்டிருந்த வைமாக்ஸும் எல்.டி.இ.யும் அந்த அளவை எட்டவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் நிறுவனம் வைமாக்ஸை 4ஜி என்று விற்றது. டி-மொபைல் மேம்படுத்திய 3ஜிக்கே அந்தப் பெயரைச் சூட்டியது.

2010 அக்டோபரில் ஒன்றியம் முடிவை அறிவித்தது. எல்.டி.இ. அட்வான்ஸ்டு, வயர்லெஸ்மேன் அட்வான்ஸ்டு இரண்டு மட்டுமே தேறின. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 6 அன்று, எல்.டி.இ., வைமாக்ஸ், நன்கு மேம்பட்ட 3ஜி ஆகியவற்றையும் 4ஜி எனலாம் என்று இறங்கி வந்தது. ரிசல்ட் வந்த பிறகு பாஸ் மார்க்கைக் குறைத்த கதைதான்!

நம் நாட்டிலும் அதே ஆண்டுதான் இதற்கான அலைக்கற்றை ஏலம் நடந்தது. ஆனால் ஏலத்தின் பெயரில் 4ஜி கிடையாது. 'பிராட்பேண்ட் வயர்லெஸ் அக்சஸ்' என்றுதான் இருந்தது. தமிழ்நாட்டு வட்டத்தை இன்ஃபோடெல்லும் ஏர்செல்லும் பிடித்தன. இன்ஃபோடெல்லை ரிலையன்ஸ் வாங்கியது. அதுவே பின்னாளில் ஜியோ. 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஏர்டெல் நாட்டின் முதல் 4ஜி சேவையைத் தொடங்கியது. அதுவும் எல்.டி.இ.தான், பழைய இலக்கணப்படி தேறாதது.

அதற்காக எல்.டி.இ.யைப் போலிச் சரக்கு என்று சொல்லிவிட முடியாது. அதில் எல்லாமே தரவுப் பொட்டலமாகத்தான் போகும். 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, பேச்சையும் அந்த வழியிலேயே அனுப்பியது. 3ஜியைவிட அது உண்மையான முன்னேற்றம். ஆனால் இலக்கணம் சொன்னது உச்ச வேகத்தை. ஒரு கோபுரத்தின் வேகத்தைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்கு போடுகிறார்கள். பெருங்களத்தூர், தாம்பரம் என்று அடுக்குமாடிகள் பெருகப் பெருக, ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு சிறுக்கிறது. 'சுற்றுவதன்' ரகசியம் பெரும்பாலும் இதுவே.

ஊரடங்கு காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மொட்டை மாடி ஏறிய பிள்ளைகளுக்குப் பெயரால் என்ன பயன்? அவர்களுக்குத் தேவைப்பட்டது தடையில்லாத சில மெகாபிட்கள்தான். இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2004-இல் 256 கிலோபிட்; 2023-இல்தான் அது 2 மெகாபிட் ஆனது. அதாவது 'பிராட்பேண்ட்' என்ற சொல்லுக்குக் கீழ் எல்லை உண்டு. '4ஜி' என்ற சொல்லுக்கு அப்படி ஒன்று நிற்கவில்லை.

2022 அக்டோபரில் 5ஜி வந்ததும் 'ட்ரூ 5ஜி' என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். பழைய வழக்கின் மேல்முறையீடு அது! அடுத்த முறை ரீசார்ஜ் செய்யும்போது எத்தனை 'ஜி' என்று கேட்காதீர்கள். மாலை எட்டு மணிக்கு நம் தெருவில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று கேளுங்கள்.

உங்கள் தெருவில் நிலைமை எப்படி? கருத்தில் எழுதுங்கள்.