ஒரே தெரு, இரண்டு ஊர்வலம்: வினிபெக் 1896, 1920

இரண்டு அணிக்கும் ஒரே பெயர். 1896 பிப்ரவரி 14 ராத்திரி மாண்ட்ரியலில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் மோதியது விக்டோரியாஸும் விக்டோரியாஸும். ஆட்டம் நடந்த இடம் விக்டோரியா ரிங்க். மகாராணி உயிரோடு இருந்த காலம், கனடாவில் எதற்குத்தான் அவர் பெயரை வைக்கவில்லை! கூட்டத்தில் ஒருத்தர் அணியின் பெயரைச் சொல்லிக் கத்தினால், யாருக்காகக் கத்துகிறார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஊரின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் தெரியும். ஒன்று மாண்ட்ரியல் விக்டோரியாஸ், இன்னொன்று வினிபெக் விக்டோரியாஸ்.

ஒரு தனியார் கிளப் ஜெயித்தால் ஊரே ஏன் தெருவுக்கு வருகிறது என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் கேள்வி. கிளப்பில் நமக்குப் பங்கு கிடையாது, ஆடுகிறவர்கள் நம் சொந்தக்காரர்களும் கிடையாது. இதற்கு வினிபெக் நல்ல உதாரணம். ஹாக்கி அணிக்காக இந்த ஊர் நடத்திய இரண்டு கொண்டாட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், “ஊர்” என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பது ஓரளவு புலப்படும்.

முதலில் கோப்பை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த லார்டு ஸ்டான்லி 1892-இல் கொடுத்தது. விலை 10 கினி. இன்று டிவியில் வீரர்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் உயரமான கோப்பையை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அது ஒரு வெள்ளிக் கிண்ணம், அவ்வளவுதான். இப்போதுபோல் வருடாந்திரத் தொடரும் கிடையாது. கோப்பை ஒரு அணியிடம் இருக்கும், வேறு ஊர் அணி சவால் விடும், அறங்காவலர்கள் ஒப்புக்கொண்டால் ஆட்டம். கிட்டத்தட்ட நம்ம ஊர் மல்யுத்தச் சவால் மாதிரி. பக்கத்துக்கு ஏழு பேர், முப்பது நிமிடமாக இரண்டு பாதி, இயற்கையாக உறைந்த பனி. 1893-இலிருந்து கோப்பை மாண்ட்ரியலை விட்டு வெளியே போனதே இல்லை.

வினிபெக் எங்கே இருக்கிறது? மாண்ட்ரியலிலிருந்து ரயில் பாதையில் 2,200 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே, கோதுமைச் சமவெளியின் வாசலில். நகராட்சியானது 1873-இல். 1891 மக்கள்தொகைக் கணக்கில் 25 ஆயிரத்துக்குச் சற்று மேல். மாண்ட்ரியல் அதைப்போல ஏழெட்டு மடங்கு. கனடியன் பசிபிக் ரயில்பாதைக்குக் கடைசி ஆணி அடித்தது 1885 நவம்பர் 7. மேற்கில் மெட்டிஸ் மக்களின் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய லூயி ரியேலைத் தூக்கில் போட்டது அதே நவம்பர் 16. நடுவில் ஒன்பது நாள்தான். எழுச்சியை அடக்கப் படை வந்ததும் அந்த ரயில்பாதை வழியாகத்தான். ரியேலின் உடல் வினிபெக்குக்கு எதிர்க்கரையில், செயின்ட் போனிஃபேஸ் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பதினோரு வருடம் கழித்து, இந்தப் பாதையில்தான் ஹாக்கி அணி கிழக்கே போனது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பீர்கள். 1896-இல் ‘எங்கள் ஊர்’ என்று கத்திய கூட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு இது வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி ஒண்டாரியோவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் சமீபத்தில் வந்து குடியேறியவர்கள். அதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் இருந்தவர்கள் மெட்டிஸ் மக்களும் பூர்வகுடிகளும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஜேக் ஆர்மிடேஜ் வினிபெக் கேப்டன். முதல் கோல் அவர் அடித்தது. இரண்டாவது கேம்ப்பெல். இரண்டுமே முதல் பாதியில் வந்துவிட்டன. மிச்ச நேரம் முழுக்கக் கோல்கீப்பர் மெரிட்டின் கதை. இந்த மனிதர் காலில் கட்டியிருந்தது கிரிக்கெட் பேட்! அதாவது பேட்ஸ்மேன் கட்டும் கால்காப்பு. ஸ்டான்லி கோப்பை ஆட்டத்தில் கோல்கீப்பர் கால்காப்போடு இறங்கியது இதுதான் முதல் முறை என்று ஐஸ் ஹாக்கி வரலாறு எழுதுகிறவர்கள் குறிப்பிடுவது வழக்கம். கிரிக்கெட் பைத்தியங்களான நமக்கு இதில் ஒரு சின்னப் பெருமை இருக்கட்டும். ஆட்டம் 2-0. எதிரணிக்கு ஒரு கோல்கூட விடாமல் முடிந்த முதல் ஸ்டான்லி கோப்பை ஆட்டமும் இதுதான்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆட்டம் நடக்கும்போது வினிபெக்கில் மூன்று ஓட்டல்களில் (மானிட்டோபா, குயின்ஸ், கிளாரெண்டன்) கூட்டம் நெருக்கியடித்து நின்றது. ரயில் கம்பெனியின் தந்தி வழியாக மாண்ட்ரியலிலிருந்து செய்தி வர வர, அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். 1896-இல் நேரடி வர்ணனை! ஸ்கோர் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே உட்கார்ந்திருப்போமே, அந்த அவஸ்தைதான். நான் நெட்வொர்க் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே இதில் மாட்டிக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள். முதல் பாதியில் செய்தி வந்தால் சந்தோஷம், ஏனென்றால் வந்த இரண்டு கோலும் நம்முடையது. இரண்டாம் பாதியில் தலைகீழ். 2-0 என்று நிற்கும்போது கோல் என்று ஒரு செய்தி வராமல் இருப்பதே நல்லது. கருவி தட்ட ஆரம்பித்தாலே வயிற்றைக் கலக்கும். மெரிட் தடுத்தது எதையும் இவர்கள் பார்க்கவில்லை. இவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் அந்த இடைவெளிதான். ஊர்க்காரர்கள் மொத்தமாகச் சேர்ந்து ஒரே கணத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டது அந்த இடைவெளியில்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் தனியாக மறுநாள் பேப்பரில் படித்திருந்தால் அது ஒரு விளையாட்டுச் செய்தியாகப் போயிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் மாண்ட்ரியலிலிருந்து போன செய்திகளில் குசும்புக்குக் குறைவில்லை. நகரம் துக்கம் காக்கிறது, பந்தயம் கட்டியவர்கள் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள், விண்ட்சர் ஓட்டலில் 2,000 டாலர் கைமாறியது என்ற ரீதியில் போனது. கிழக்கத்திக்காரர்கள் மேற்கை நாட்டுப்புறம் என்று பார்த்த காலம். அந்தப் பார்வைக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்த திருப்தி அதில் தெரிகிறது.

பிப்ரவரி 24-ஆம் தேதி அணி ஊர் திரும்பியது. ரயில் இன்ஜினுக்கு அலங்காரம் செய்திருந்தார்கள். யூனியன் ஜாக் கொடி, ஹாக்கி மட்டைகள், அப்புறம் துடைப்பங்கள். ஆமாம், துடைப்பம். எதிரியைப் பெருக்கித் தள்ளிவிட்டோம் என்று அர்த்தம். நம்ம ஊரில் ஆயுத பூஜைக்கு வண்டியில் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டுவோம், நல்ல நாளில் எவனாவது முன்னால் துடைப்பம் கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு அவன் தொலைந்தான். ஸ்டேஷனிலிருந்து குதிரை இழுக்கும் திறந்த சறுக்குவண்டிகளில் ஊர்வலம். ராத்திரி விருந்தில் கோப்பையிலேயே ஷாம்பெயின் ஊற்றிச் சுற்றுக்கு விட்டார்கள். இன்றும் ஜெயிக்கும் அணிகள் செய்கிற அந்த வழக்கத்தை இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பத்து மாதம்தான் நிலைத்தது. செப்டம்பரில் தடுப்பாட்டக்காரர் ஃப்ரெட் ஹிகின்பாத்தம் குதிரைச் சவாரி விபத்தில் இறந்துபோனார். டிசம்பர் 30-ஆம் தேதி மாண்ட்ரியல் விக்டோரியாஸ் வினிபெக்குக்கே வந்து ஆடியது. ஒரு சீட்டு 12 டாலர் வரைக்கும் போனதாகச் சொல்வார்கள், அன்றைய கூலிக்காரருக்கு அது ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேல். 6-5 என்று மாண்ட்ரியல் ஜெயித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. 1901 ஜனவரி 31-இல் வினிபெக் விக்டோரியாஸ் மறுபடி ஜெயித்தார்கள். டான் பெய்ன் கூடுதல் நேரத்தில் அடித்த கோல் அது. மகாராணி விக்டோரியா இறந்து அப்போது ஒன்பது நாள். 1902-இல் கோப்பை திரும்பவும் கிழக்கே போனது. அதற்கப்புறம் இன்றுவரை எந்த வினிபெக் அணியும் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்ததில்லை.

இப்போது இரண்டாவது ஊர்வலம். இது ஸ்டான்லி கோப்பைக்கு அல்ல, ஒலிம்பிக் தங்கத்துக்கு.

1875-இலிருந்து ஐஸ்லாந்துக்காரர்கள் மானிட்டோபாவுக்கு வரத் தொடங்கினார்கள். அந்த வருடம்தான் அங்கே அஸ்கியா எரிமலை வெடித்துச் சாம்பல் மூடியது. வினிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்று ஊர் கட்டினார்கள். வினிபெக்குக்கு வந்தவர்கள் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுவது போன்ற வேலைகளைச் செய்தார்கள். அவர்கள் பிள்ளைகள் மட்டையைப் பிடித்தபோது விக்டோரியாஸ் மாதிரி கிளப்புகளில் இடமில்லை, தனியாகத்தான் ஆட வேண்டியிருந்தது. இவர்களுக்குள்ளேயே இரண்டு அணிகள் அடித்துக்கொண்டிருந்தன. அவை 1909 வாக்கில் ஒன்றாகி ஃபால்கன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டன. வல்லூறு, ஐஸ்லாந்தின் பறவை. இந்தப் பெயரில் ராணிக்கு வேலை இல்லை.

முதல் உலகப்போரில் அணியே கிட்டத்தட்ட மொத்தமாகப் பட்டாளத்தில் சேர்ந்தது. ஃப்ராங்க் தோர்ஸ்டின்சன், ஜார்ஜ் கம்பர்ஸ் என்ற இருவர் திரும்பவில்லை. கேப்டன் ஃப்ராங்க் ஃப்ரெட்ரிக்சன் போன கப்பல் மத்தியதரைக் கடலில் குண்டடிபட்டு மூழ்கியது. வயலினைக் கட்டிக்கொண்டபடி உயிர் பிழைத்தார் என்று சொல்வார்கள். நாட்டுக்காகப் போருக்குப் போய்த் திரும்பி வந்தவர்களை 1919-20 பருவத்தில் வினிபெக் சீனியர் லீக் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறப்பைப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள் என்பதே ஐஸ்லாந்துக் குடும்பங்களின் நினைவில் நின்றது. எனக்கும் வேறு காரணம் பெரிதாகத் தெரியவில்லை. செல்கர்க், பிராண்டன் ஊர்க்காரர்களோடு சேர்ந்து தனி லீக் அமைத்து ஆடினார்கள். வினிபெக் லீக் சாம்பியனைத் தோற்கடித்தார்கள். டொராண்டோ போய் அங்கிருந்த பல்கலைக்கழக அணியைத் தோற்கடித்து ஆலன் கோப்பையை எடுத்தார்கள். அதாவது கனடாவின் அமெச்சூர் சாம்பியன். அங்கிருந்து ஊர் திரும்பக்கூட நேரமில்லாமல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குக் கப்பல் ஏறினார்கள். மட்டைகளைக் கப்பல் தச்சர் நடுக்கடலில் செதுக்கிக் கொடுத்தார். 1920 ஏப்ரல் 24, 25, 26, மூன்றே நாளில் மூன்று ஆட்டம்: செக்கோஸ்லோவாக்கியாவை 15-0, அமெரிக்காவை 2-0, ஸ்வீடனை 12-1.

மே மாதம் வினிபெக் திரும்பியபோது பெரிய ஊர்வலம். அதே மெயின் தெரு. 

அந்தத் தெருவில் பதினோரு மாதத்துக்கு முன்பு நடந்ததைச் சொல்லாமல் இந்த ஊர்வலத்தைச் சொல்வது சரியில்லை. 1919 மே 15 முதல் வினிபெக்கில் பொது வேலைநிறுத்தம், சுமார் 30 ஆயிரம் பேர் வேலையை விட்டு இறங்கினார்கள். எதிர்த்த முதலாளிகளும் பத்திரிகைகளும் பழியை வெளிநாட்டுக் குடியேறிகள் மேல் போட்டார்கள். முக்கியமாக உக்ரைனியர்கள், யூதர்கள், ஜெர்மானியர்கள் மேல். ஜூன் 21 சனிக்கிழமை நகர மன்றத்துக்கு எதிரே, மெயின் தெருவில், குதிரைப்படை போலீஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து சுட்டது. இருவர் செத்தார்கள். கலகச் சட்டத்தைப் படித்த மேயர் சார்ல்ஸ் கிரே. ஃபால்கன்ஸ் திரும்பிய 1920 மேயிலும் மேயர் அவர்தான்.

அந்த இளைஞர்களை ஊர் மனசாரத்தான் கொண்டாடியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கைதட்டியவர்களில் அவர்களை லீக்கில் சேர்க்காதவர்களும் இருந்திருப்பார்கள், ஆறு மாதத்தில் எல்லாம் மறந்திருக்கும். ஆனால் உள்ளே வர ஐஸ்லாந்துக்காரர்கள் கொடுத்த விலையைக் கூட்டிப் பாருங்கள்: நாற்பத்தைந்து வருடம், பிரான்ஸ் மண்ணில் பிள்ளைகள், ஒரு ஒலிம்பிக் தங்கம். 1896-இல் ஊரின் பெயரை எடுத்துக்கொள்ள ஆர்மிடேஜுக்கும் மெரிட்டுக்கும் இதெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு சவால் கடிதமும் ரயில் டிக்கெட்டும் போதுமானதாக இருந்தது. ரயில்பாதைக்கு வடக்கே குடியிருந்த உக்ரைனியர்களுக்கும் யூதர்களுக்கும் 1920 ஊர்வலம் எதையும் மாற்றிவிடவில்லை.

ஃப்ரெட்ரிக்சன் பிறகு தொழில்முறை ஆட்டக்காரராகி மேற்குக் கடற்கரைக்குப் போனார். ஃபால்கன்ஸில் கூட ஆடிய ஸ்லிம் ஹால்டர்சனும் அவரும் இருந்த அணி 1925-இல் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது. தோற்றது, வேறு யார், மாண்ட்ரியல். இவர்கள் ஆடிய ஊர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தலைநகரம். அதன் பெயர் விக்டோரியா.